டிட்லிஸில் நடுவில் நிற்பவர்கள்

சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ் மலையின் அடியில் உள்ள எங்கெல்பெர்க்குக்குப் பனிச்சறுக்கப் போகலாமா என்று யாராவது கேட்டால், உங்களுக்குச் சறுக்கு எந்த அளவுக்கு வரும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சுத்தமாக வராது என்பவரைத் தயங்காமல் போகச் சொல்வேன். எந்தச் சரிவிலும் இறங்கிவிடுவேன் என்பவரையும் போகச் சொல்வேன். நாலைந்து வருடமாகப் பழகுகிறேன், எளிதான நீலத் தடத்தில் தைரியமாகவும் அதைவிடச் செங்குத்தான சிவப்புத் தடத்தில் பயந்துகொண்டும் வருவேன் என்று சொல்பவரிடம் மட்டும், கொஞ்சம் உட்காருங்கள், பேச வேண்டும் என்பேன். அந்த மூன்றாவது வகையில்தான் நானும் இருக்கிறேன்.

லுட்சர்ன் நகரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். நான் முதன்முதலாக ஸ்கீ மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. என் மகனோ பள்ளிக்கூடத்தின் பனிமுகாமில், பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே கற்றுக்கொண்டவன். இந்த நாட்டில் பள்ளிகள் பிள்ளைகளை ஒரு வாரம் மலைக்கு அழைத்துச் சென்று சறுக்கப் பழக்குவது, நம்மூரில் ஆற்றிலோ கிணற்றிலோ தள்ளிவிட்டு நீச்சல் பழக்குவது போன்ற சர்வ சாதாரணமான காரியம். இப்போது பதினான்கு வயதாகும் அவன், நான் ஒரு தடத்தை முடிப்பதற்குள் அதே தடத்தை இரண்டு முறை முடித்துவிட்டு, கீழே நாற்காலி லிஃப்ட் அருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஆகவே இந்த மலையை நான் ஒரே நாளில் இரண்டு ஜோடிக் கண்களால் பார்க்க நேர்ந்தது.

நாங்கள் போனது 2024 பிப்ரவரியில், பள்ளி விடுமுறையின் நடுவில். இந்த விடுமுறையை இங்கே விளையாட்டு விடுமுறை என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பள்ளிக் கட்டடங்களைச் சூடாக்கும் நிலக்கரியை மிச்சப்படுத்துவதற்காக ஆரம்பித்தது, பின்னர் மலைக்குப் போவதற்கான வாரமாக நிலைத்துவிட்டது. மாநிலத்துக்கு மாநிலம் வாரம் மாறுவதால் கூட்டம் கொஞ்சம் பிரிகிறது. ஆனாலும் பிப்ரவரியில் எந்த நாள் போனாலும் யாரோ ஒருவருடைய விடுமுறைக்குள்தான் போய் விழுவோம்.

எங்கெல்பெர்க்கின் முதல் பலம் மலையில் இல்லை, ரயிலில் இருக்கிறது. லுட்சர்ன் நிலையத்தில் ஏறினால் 43 நிமிடத்தில் ஊருக்குள் இறங்கிவிடலாம். 2010 டிசம்பரில் திறக்கப்பட்ட நான்கு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வருவதற்கு முன்பு, கடைசி ஏற்றத்தில் ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி ஏறியதாம். இப்போதும் பல்சக்கரம்தான் இழுக்கிறது, ஆனால் ஏற்றம் இருட்டுக்குள் நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கார் வைத்திருக்காத எங்களைப் போன்றவர்களுக்கு, ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, மாலையில் அதே வாசலில் வந்து பூட்ஸைக் கழற்ற முடிவது பெரிய விஷயம். ஆல்ப்ஸின் புகழ்பெற்ற பல இடங்களுக்கு அறை எடுத்துத் தங்காமல் போய்வர முடியாது.

ஊரின் பெயருக்குத் தேவதை மலை என்று பொருள். 1120இல் நிறுவப்பட்ட பெனடிக்ட் சபைத் துறவியர் மடம் ஒன்று ஊரின் ஒரு கோடியில் இன்றும் இயங்குகிறது. ஒப்வால்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஊர்தான் என்றாலும், அந்த மாநிலத்தின் மற்ற பகுதிகளோடு நிலத்தால் ஒட்டாமல் தனித்துக் கிடக்கிறது. பனிச்சறுக்குக்காகவே கட்டி எழுப்பிய பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஊர்களின் கான்கிரீட் அடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு, மடத்து மணியோசை கேட்கும் இந்த ஊரின் முகம் ஆறுதலாக இருக்கும். ஆனால் பழைய ஊர் என்றால் பள்ளத்தாக்கின் அடியில்தானே இருக்கும்? எங்கெல்பெர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நம் கொடைக்கானல் அதைவிட இரண்டு மடங்கு உயரம்.

குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் அந்த உயரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் அளவீடு தொடங்கிய காலத்திலிருந்து பதிவான மிக வெப்பமான பிப்ரவரி அந்த 2024 பிப்ரவரி. மேலே பனி தாராளமாக இருந்தது, கீழே பெய்ததெல்லாம் மழை. ரயிலை விட்டு இறங்கியபோது வயல்கள் பழுப்பும் பச்சையுமாகக் கிடந்தன. தோளில் ஸ்கீயோடு ஈரப் புல்லுக்கு நடுவே நடந்துபோவது, குடையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பதைப் போல ஒரு சங்கடம். மலையுச்சியிலிருந்து ஊர் வரை ஏறத்தாழ 2,000 மீட்டர் இறங்கலாம் என்பது இந்த இடத்தின் பெருமைகளில் ஒன்று, அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் கடைசி ஐந்நூறு மீட்டரில் பனி நிற்பது வருடத்துக்கு வருடம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிக்கொண்டு வருகிறது. அன்று மாலை நாங்கள் கம்பியில் தொங்கிச் செல்லும் சிறு பெட்டியான கொண்டோலாவில்தான் கீழே வந்தோம்.

மேலே போவதற்கு 2015இல் திறக்கப்பட்ட எட்டு பேர் அமரும் கொண்டோலா இருக்கிறது. அது ட்ரூப்ஸே ஏரி வழியாக 2,428 மீட்டரில் உள்ள ஸ்டாண்ட் நிலையம் வரை ஒரே மூச்சில் ஏறுகிறது. அங்கே இறங்கி, ரோட்டேர் என்ற பெரிய கேபிள் காருக்கு மாற வேண்டும். 1992இல் ஓடத் தொடங்கிய அது, உலகில் முதன்முதலாகச் சுழன்ற கேபிள் கார். ஐந்து நிமிடப் பயணத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, யாரும் இடம் மாறாமலேயே எல்லோருக்கும் எல்லாத் திசையையும் காட்டிவிடும். அது போய்ச் சேரும் கிளைன் டிட்லிஸ் நிலையம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. டிட்லிஸின் உச்சி அதற்கும் மேலே, 3,238 மீட்டரில்.

அந்தக் கேபிள் காருக்குள் நின்று பார்த்தால் இந்த மலையின் கதை முழுவதும் தெரியும். பாதிப் பேர் ஹெல்மெட்டும் ஸ்கீயுமாக நிற்கிறார்கள். மீதிப் பேர் கம்பளிக் குல்லாயும் கைப்பேசியுமாக நிற்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் நம் நாட்டவர். சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதத்தில் மதுரையிலிருந்து வந்த அண்ணனையும் அண்ணியையும் இதே வழியில்தான் அழைத்துப் போனேன். பனியைக் கையில் அள்ளிய அண்ணி, "இதென்ன, நம்மூர் ஐஸ் வண்டியில் சீவிக் குடுப்பாங்களே, அதே மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு துளியை நாக்கில் வைத்தும் பார்த்தார். ஏமாற்றமா மகிழ்ச்சியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சறுக்கத் தெரியாதவருக்கு டிட்லிஸ் உண்மையிலேயே நல்ல மலை. பனியாற்றுக்குள் குடைந்த குகையில் நடக்கலாம். 2012 டிசம்பரில் திறந்த தொங்குபாலம் ஒன்று, 3,041 மீட்டர் உயரத்தில், நூறு மீட்டர் நீளமும் ஒரே மீட்டர் அகலமுமாகப் பாறையோரத்தில் ஆடுகிறது. அதன் நடுவில் நின்று கீழே பார்க்கும் இந்தியக் குடும்பங்கள் எழுப்பும் சத்தம், மொழி எதுவானாலும் ஒன்றுபோலவே இருக்கும். பனியாற்றின் வெடிப்புகளுக்கு மேலே மெதுவாக மிதந்து செல்லும் நாற்காலி லிஃப்டில் சாதாரணக் காலணியோடு ஏறி உட்காரலாம். ஹிந்திப் பட ஜோடி ஒன்றின் ஆளுயர அட்டை உருவத்தோடு படம் எடுத்துக்கொள்ளலாம். பல ஆல்ப்ஸ் மலைகளில் சறுக்காதவர் ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இங்கே அவருக்கும் ஒரு முழு நாள் இருக்கிறது. வயதான பெற்றோரையும் சறுக்கும் பிள்ளைகளையும் ஒரே மலையில் மகிழ்விக்க விரும்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதற்கான விலையைச் சறுக்க வந்தவர்கள் வரிசையில் நின்று கட்டுகிறார்கள். ஸ்டாண்டிலிருந்து உச்சிக்கு இருந்த வழி அந்த ஒரே ஒரு கேபிள் கார்தான், ஒரு நடைக்குச் சுமார் எண்பது பேர். தெளிவான வானம் உள்ள காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போக ஆசை வருகிறது. அன்று நாங்கள் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். எனக்கு முன்னால் ஒரு குழந்தை வண்டி, பின்னால் அகலமான ஸ்கீயும் முதுகில் மண்வெட்டியுமாக மூன்று ஸ்வீடன்காரர்கள். அந்த மூவருக்கும் அந்தக் குழந்தைக்கும் இந்த மலை என்ன தரப்போகிறது என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்ற எனக்குத்தான் சந்தேகம்.

தடங்களின் நிறத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்றே நிறம். பிரான்ஸில் உள்ள பச்சை இங்கே கிடையாது. நீலத்தின் சரிவு 25 சதவீதத்துக்கு உட்பட்டது, அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் இருபத்தைந்து மீட்டர் இறங்கும். சிவப்பு 40 சதவீதம் வரை. அதற்கு மேல் எல்லாமே கறுப்பு. இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சரிவு எவ்வளவு என்று நிறம் சொல்லும், பனி எப்படி இருக்கிறது என்று சொல்லாது. இரவில் சமன்படுத்தும் வண்டி ஓடி, கோடு கோடாகச் சீவிவைத்த சிவப்புத் தடம் காலை ஒன்பது மணிக்குப் பட்டுப் போல இருக்கும். அதே தடம் மதியத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் சுரண்டியதில் மேடும் பள்ளமுமாகி, இடையிடையே கண்ணாடிபோல உறைந்து, வேறொரு தடமாக மாறிவிடும்.

உச்சியிலிருந்து இறங்கும் வழியில் முதலில் வருவது பனியாறு. அகலமான, மென்மையான சரிவு. வலப்பக்கமும் இடப்பக்கமும் மலைமுகடுகள் அலையலையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. காலடியில் பனி கரகரவென்று பேசுகிறது. இதற்காகவே வந்தோம் என்று தோன்றியது. பிறகு பனியாறு முடிந்து ரோட்டெக் என்ற செங்குத்துச் சரிவின் பக்கம் தடம் திரும்பியது, என் வாயும் அடைத்துக்கொண்டது.

விளிம்பில் நின்று பார்த்தேன். முதல் இருபது மீட்டர் தெரிந்தது, அதற்கப்புறம் தடமே தெரியவில்லை, வெகு கீழே ஸ்டாண்ட் நிலையத்தின் கூரைதான் தெரிந்தது. இடுப்பளவு பனிமேடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் பனி சாம்பல் நிறத்தில் மின்னியது. வெள்ளையாக இருக்கும் பனி ஸ்கீயைப் பிடித்துக்கொள்ளும், சாம்பலாக மின்னுவது விட்டுவிடும் என்று இத்தனை வருடத்தில் கற்றிருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற, ஸ்கீயின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரிக்கும் பீட்சா வடிவம் இங்கே உதவாது. இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே வைத்து, மேல்பக்க விளிம்பை மட்டும் பனியில் ஊன்றி, அந்த விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பக்கவாட்டில் வழுக்கி இறங்க வேண்டும். அடுப்பில் கொதிக்கும் பாலுக்குத் தீயைக் குறைப்பது போன்ற கவனம் அது. கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தினால் எல்லாம் பொங்கிவிடும்.

"கீழ பாக்காதம்மா. உன் ஸ்கீய மட்டும் பாரு" என்றான் மகன், எனக்கு நான்கு மீட்டர் கீழே நின்றுகொண்டு.

"நீ போடா, நான் வந்துடறேன்."

"போக மாட்டேன். நீ விழுந்தா யாரு புடிக்கறது?"

பதினான்கு வயதுப் பையன் நாற்பத்தாறு கிலோ எடையில் என்னை எப்படிப் பிடிப்பான் என்ற கேள்வியை அப்போது நான் கேட்கவில்லை. மூன்றாவது திருப்பத்தில் விழுந்தேன். ஒரு ஸ்கீ கழன்று மேட்டுக்குப் பின்னால் நின்றது. அவன் ஏறிப் போய் எடுத்துவந்து, என் பூட்ஸின் அடியில் ஒட்டியிருந்த பனியைக் கம்பின் முனையால் சுரண்டி, மாட்டிவிட்டான். அந்த ஒரு சரிவை முடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. கீழே வந்தபோது, வாடகைக்கு எடுத்த பூட்ஸ் கணுக்காலை இறுக்கியதில் கால் மரத்துப் போயிருந்தது. கடையில் போட்டுப் பார்த்தபோதே இறுக்கமாகத்தான் இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அங்கிருந்த இளைஞர் சொன்னதை நம்பியது என் பிழை. பூட்ஸ் விஷயத்தில் கடைக்காரரைவிட நம் கால்விரல்களை நம்புவது நல்லது.

இந்த அனுபவத்துக்காக மலையைக் குறை சொல்லக் கூடாதுதான். பயந்தவர்கள் உச்சியிலிருந்து அதே கேபிள் காரில் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிடலாம், நானும் அதைச் செய்திருக்கலாம். என் குறை வேறு. உச்சியில் இனிய பனியாறு, அதற்கடியில் செங்குத்து, அதற்கும் அடியில் இன்னொரு செங்குத்து, பிறகு சட்டென்று தட்டையான ஏரிக்கரை என்று இந்த மலை படிக்கட்டாக அமைந்திருக்கிறது. நடுத்தரமாகச் சறுக்குபவர் மேலிருந்து கீழ்வரை நிற்காமல், ஒரே தாளகதியில், பாட்டுப் பாடிக்கொண்டு வரும்படியான நீண்ட தடம் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. இந்நாட்டின் இன்னொரு பெரிய பனிச்சறுக்கு ஊரான செர்மாட்டில் அப்படிப்பட்ட தடங்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கே ஒவ்வொரு படிக்கும் துணிச்சலையோ பொறுமையையோ புதிதாகத் திரட்ட வேண்டியிருக்கிறது.

பொறுமை வேண்டிய இடம் ட்ரூப்ஸே. கலங்கல் ஏரி என்று அந்தப் பெயரை மொழிபெயர்க்கலாம். சுமார் 1,800 மீட்டரில் உறைந்து கிடக்கும் அந்த ஏரியின் கரை முழுத் தட்டை. முதன்முதலாகப் பழகும் பிள்ளைகளுக்கும், டயரில் உட்கார்ந்து சறுக்கும் குடும்பங்களுக்கும் அது சொர்க்கம். ஆனால் டிட்லிஸ் பக்கத்திலிருந்து யோக்பாஸ் பக்கம் போக வேண்டுமானால் அந்தத் தட்டையைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கென்றே, மலை ஏறாமல் சமதரையில் இங்குமங்கும் ஆட்களைச் சுமக்கும் நாற்காலி லிஃப்ட் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். லிஃப்டில் உட்கார்ந்து கிடைமட்டமாகப் பயணம் செய்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, முதல் முறை மட்டும்.

யோக்பாஸுக்கு வந்த பிறகுதான் என் நாள் தொடங்கியது. 2,207 மீட்டரில் உள்ள இந்தக் கணவாயைத் தாண்டினால் பெர்ன் மாநிலம். மறுபக்கச் சரிவு எங்ஸ்ட்லன் மேய்ச்சல் நிலத்தை நோக்கி இறங்குகிறது. டிட்லிஸ் பக்கம் வடக்கு நோக்கியது, அதனால் பனி நன்றாக நிற்கிறது, ஆனால் நடுக்குளிரில் நாள் முழுக்க நிழல். இந்தப் பக்கம் வெயில் விழுகிறது. அகலமான, அளவான சரிவு, கீழே நாற்காலி லிஃப்ட், கூட்டம் குறைவு. உச்சிக்காக வந்தவர்கள் இவ்வளவு தூரம் வருவதில்லை. நான் அந்தத் தடத்தில் ஆறு முறை இறங்கினேன். நான்காவது முறையில் கால்கள் யோசிக்காமல் திரும்ப ஆரம்பித்தன. ஏன் காலையிலேயே நேராக இங்கே வராமல் போனோம் என்று மகனிடம் கேட்டேன். "நீதானம்மா டாப் போகணும்னு சொன்ன" என்றான். உண்மைதான். உச்சி என்று ஒன்று இருந்தால் அதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றது என்ற புத்தி எனக்கு இருக்கிறது.

தடங்களின் மொத்த நீளத்தை இந்த ஊர் சுமார் 80 கிலோமீட்டர் என்று சொல்கிறது. எதிர்ப்பக்கத்து மலையில் உள்ள புருன்னியும் அதில் அடக்கம். இத்தாலியையும் சேர்த்து செர்மாட் 360 கிலோமீட்டரும், பிரான்ஸில் ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்றே பெயர் கொண்ட பகுதி 600 கிலோமீட்டரும் சொல்கின்றன. இந்த எண்களை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 வாக்கில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆலோசகர் ஒருவர் பல பெரிய ஊர்களின் தடங்களை அளந்து பார்த்தபோது, சொன்ன நீளத்துக்கும் இருந்த நீளத்துக்கும் பெரிய இடைவெளி வெளிப்பட்டது. சறுக்குபவர் வளைந்து வளைந்துதான் இறங்குகிறார், ஆகவே அந்த வளைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டோம் என்பது சிலர் சொன்ன சமாதானம். நம்மூர் மனை விற்பவர்கள் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று சொல்வார்களே, அந்த வகை அளவு இது. ஒரு நாள் வந்துபோகிறவருக்கு 80 கிலோமீட்டர் தாராளம். ஒரு வாரம் தங்குகிறவருக்கு, அதுவும் செங்குத்துகளைத் தவிர்க்கிறவருக்கு, மூன்றாம் நாளே ஏற்கெனவே போன தடங்கள்தான் மிஞ்சும்.

ஆனால் அந்த ஸ்வீடன்காரர்கள் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து வரவில்லை. அவர்கள் வருவது வரைபடத்தில் கோடு போடாத இடங்களுக்காக. லௌப் என்று ஒரு சரிவு இருக்கிறது. பாறையோ மரமோ குறுக்கிடாத, மிக அகலமான, ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஒரே வீச்சில் இறங்கும் சரிவு. புதுப்பனி விழுந்த மறுநாள் அதில் முதல் கோடு கிழிப்பதற்காக வெகு தொலைவிலிருந்து வருகிறார்கள். ஷ்டைன்பெர்க் பனியாற்றின் வெடிப்புகளுக்கு நடுவே போவது இன்னொன்று. உச்சியிலிருந்து பள்ளத்தாக்கின் அடி வரை ஏறத்தாழ 2,000 மீட்டர் இறங்கும் கால்ட்டிபெர்க் மூன்றாவது, வழி தெரியாமல் போனால் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடியது. வல்லவர்களுக்கு, ரயிலில் எளிதாக வந்துசேரக்கூடிய ஊர்களில் இதற்கு ஈடான இன்னொன்றைச் சொல்வது எனக்குக் கடினம்.

இந்தச் சரிவுகளை யாரும் சமன்படுத்துவதில்லை, பாதுகாப்பதும் இல்லை. டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மலையிலிருந்து பனி பெயர்ந்து விழும் அபாயத்தை அளந்து தினமும் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையான அந்த அளவில் மூன்று என்ற எண் நடுத்தரம்போலத் தோன்றும். உண்மையில் பெருவாரியான உயிர்கள் இரண்டிலும் மூன்றிலும்தான் போகின்றன, ஐந்து என்றால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. புதையுண்டவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வேண்டும். மீட்பு ஹெலிகாப்டரை அழைக்கும் 1414 என்ற எண் இந்நாட்டில் பலருக்கு மனப்பாடம், ஆனால் பனிக்கு அடியில் இருப்பவருக்குக் காற்று கிடைக்கும் நிமிடங்கள் ஹெலிகாப்டர் வரும் நிமிடங்களைவிடக் குறைவு. ஸ்டாண்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, லௌப் பக்கம் இறங்குகிறவர்களை மகன் கண்கொட்டாமல் பார்த்ததை நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

சூப் என்றதும் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மத்திய சுவிட்சர்லாந்தின் மேய்ப்பர் உணவான மக்ரோனி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம் எல்லாம் சேர்ந்த கலவையை ஆப்பிள் கூழோடு தருகிறார்கள். மலைக் குளிரில் அது நன்றாகவே இருந்தது. இருவருக்கும் மலைச் சீட்டு, அரைக்கட்டண அட்டை போக மிஞ்சிய ரயில் கட்டணம், என் வாடகை ஸ்கீ, மதிய உணவு என்று அன்றைய செலவு 250 பிராங்கைத் தாண்டியது. இந்த நாட்டுக் கணக்கில் இது அதிசயமான தொகை இல்லை, மாதம் இரண்டு முறை போகக்கூடிய தொகையும் இல்லை. நான் பையில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். கொண்டோலாவில் பொட்டலத்தைத் திறந்தபோது எதிரில் இருந்த பெரியவர் என்ன வாசனை என்று கேட்டார். பெருங்காயம் என்பதற்கு ஜெர்மன் மொழியில் பிசாசின் மலம் என்று பொருள்படும் சொல்தான் இருக்கிறது. சொல்லாமல் சிரித்து வைத்தேன்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ஃபோன் என்ற வெப்பக் காற்று இந்தப் பள்ளத்தாக்கில் வேகமாக வீசும். அது வலுத்தால் மேல் கேபிள் கார் நிற்கும், நாங்கள் போன சமயத்தில் உச்சிக்கு வேறு வழி கிடையாது. அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு அது ஒரு நாள் நஷ்டம். லுட்சர்னில் இருப்பவர்கள் காலையில் கைப்பேசியில் மலைக் கேமராவைப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்துப் புருன்னி தெற்கு நோக்கிய சிறிய மலை. வெயிலும் மென்மையான சரிவுகளும் உண்டு. உயரம் குறைவு என்பதால் பனி சீக்கிரம் போய்விடும்.

பனியாற்றைப் பற்றிச் சொல்லாமல் டிட்லிஸைப் பற்றி எழுதினால் பாதியை மறைத்ததாகும். சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் தம் கன அளவில் பத்து சதவீதத்தை இழந்தன. டிட்லிஸில் கோடையில் குகையின் மேலும் லிஃப்டைச் சுற்றியும் பனியாற்றை வெள்ளைச் செயற்கைத் துணியால் போர்த்திவைக்கிறார்கள். அண்ணனோடு போன மே மாதத்தில் அந்தத் துணிகளைச் சுருள் சுருளாக ஓரத்தில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தோம். "யாருக்கு இவ்ளோ பெரிய போர்வை?" என்று அண்ணன் கேட்டார். மலைக்கு என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அந்த இனிய மேல்சரிவு, ரோட்டெக்குக்கு முன்னால் எனக்குக் கிடைத்த அந்த ஒரே நிம்மதி, எத்தனை வருடத்துக்கு இருக்கும் என்று எனக்குக் கவலை உண்டு. ஏனென்றால் அது போனால், என்னைப் போல நடுத்தரமாகச் சறுக்குபவர்களுக்கு உச்சியில் எதுவுமே இருக்காது.

நான்கரை மணி ரயிலில் திரும்பினோம். பெட்டி முழுக்க ஈரக் கையுறைகளின் வாசனை. சுரங்கப்பாதையைக் கடந்து வெளிச்சத்துக்கு வந்து, ரயில் வோல்ஃபன்ஷீசனை நெருங்கியபோது மகன் கைப்பேசியை என் பக்கம் நீட்டினான். பனிச்சரிவுக் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஒரு நாள் பயிற்சி, வழிகாட்டியோடு. அடுத்த வருடம் லௌப் போகணும் என்றான்.

"நீ மட்டுமா?"

"வழிகாட்டியோட. நீ அன்னிக்கு எங்ஸ்ட்லன் பக்கம் இருந்துக்கோ. உனக்கு அங்கதான் நல்லாருக்கு."

பயிற்சிக்கு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். ஸ்டான்ஸ் வரும்வரை நான் பதில் சொல்லவில்லை.